தின்கிற காப்பி

ஆவுடையம்மாள் கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்த முதல் வாரத்தில் மூன்று நாள் காலைப் பட்டினி கிடந்தாள். யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. மாமியார் தினமும் அடுக்களையிலிருந்து வாய் நிறைய, "ஏட்டி, காப்பி குடிச்சியா?" என்று கேட்டாள். மருமகளும் வாய் நிறைய, "குடிச்சேன் அத்தை" என்று பதில் சொன்னாள். குடித்ததென்னவோ உண்மைதான். அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்குக் காப்பி என்றால் காப்பி. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் காப்பி குடிப்பது என்றால் இட்டிலியோ தோசையோ புட்டோ, காலையில் எது தின்றாலும் அதுதான் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மாமியாரோ, புதுப்பெண் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாக எடுத்துச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்து, மீந்ததை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

நான்காம் நாள் கோலப்பன்தான் அதைக் கண்டுபிடித்தார். புது மாப்பிள்ளை, மனைவியின் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத காலம். விஷயம் வெளியே வந்ததும் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. ஆவுடை சிரிக்கவில்லை. "திங்கிறதத் திங்கிறதுன்னு சொல்லணும், குடிக்கிறதக் குடிக்கிறதுன்னு சொல்லணும். இட்டிலியக் குடிக்கிற ஊரு இது என்ன ஊரு?" என்று கணவனிடம் தனியாகப் பொரிந்து தள்ளினாள். அன்றைக்கு இருவருக்கும் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. இனி நமக்குள் காப்பி என்றால் காப்பி, பலகாரம் என்றால் பலகாரம்.

கோலப்பன் மராமத்து இலாகாவில் டிரேசர். இன்ஜினீயர்கள் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, ஒரு கோடு பிசகாமல் நகலெடுக்கிற வேலை. மனைவியின் பேச்சையும் அப்படியே நகலெடுத்துக்கொண்டார். அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் பழைய அர்த்தத்தில் காப்பி குடிக்க ஆளே இல்லை. பிள்ளைகளும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயில் 'பலகாரம்' தவிர வேறு வார்த்தை வராமல் போயிற்று. ஆபீசில் சத்தியதாஸ் கேலி செய்வார், "அண்ணாச்சி பொண்டாட்டிகிட்ட தமிழ் படிச்ச ஆளாக்கும்" என்று. கோலப்பன் அதைப் பட்டம் வாங்கியவர் போலச் சிரித்து ஏற்றுக்கொள்வார். பிறந்த ஊரின் பேச்சை ஒருத்திக்காக விட்டுக்கொடுத்தேன் என்கிற பெருமை அவருக்கு உள்ளுக்குள் நிறையவே இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவுடைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மாதக்கணக்கில் உதிரம் போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி, உதடு வெளுத்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். பெண்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான், தனக்கு ஒன்று என்றால் கடைசியில்தான் சொல்வார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, பத்தே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ரத்தம் குறைவாக இருந்ததால் ஒரு வாரம் முன்னதாகவே சேர்த்துக்கொண்டு ஊசி போட்டுத் தேற்ற வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு? ஊருக்குள் இருந்த நல்ல ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. சுத்தமான வார்டு, அன்பான நர்ஸுகள், ஜன்னலுக்கு வெளியே மரம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆவுடைக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. மயக்க மருந்தைப் பற்றித்தான் பயம்.

"மயக்கம் குடுத்தா நான் முழிக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

"சும்மா கெட. எத்தனை பேரு முழிச்சு வீட்டுக்குப் போறா."

"நீங்க முழிக்க வச்சிருவியளா?"

"வச்சிருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா," என்றார் கோலப்பன். சத்தியம் செய்ய அவர் யார்? டிரேசர். ஆனாலும் சொன்னார். அவள் கொஞ்சம் சமாதானமானாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருந்த ஒரே தொந்தரவு காப்பி. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் டிக்காஷன் தொண்டையில் இறங்காவிட்டால் ஆறு மணிக்குத் தலை தெறிக்கும். வார்டில் ஏழு மணிக்கு ஒரு பானம் வரும். அதைக் காப்பி என்று சொல்வது காப்பிக்குச் செய்கிற துரோகம் என்பாள் ஆவுடை. கோலப்பன் வீட்டில் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாலும், வாசல் கேட்டைத் திறக்க ஆறரை ஆகிவிடும். அதற்குள் அவள் நெற்றியில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்துவிட்டு, "தக்கை வாசம் அடிக்கு" என்று முகத்தைச் சுளிப்பாள். இருந்தாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாள்.

இதைக் கேட்டுத்தான் சத்தியதாஸ் அந்த யோசனையைச் சொன்னார். அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்ப்பவன். கப்பலில் காவல் நிற்பவர்கள் தூக்கம் வராமலிருக்க ஒரு சாக்லேட் தின்பார்களாம். காப்பிக் கொட்டையை அரைத்துக் கலந்து செய்ததாம். "மிட்டாயின்னு நெனைக்காதீங்க அண்ணாச்சி. ஒரு துண்டு வாயில போட்டா ஒரு கிளாஸ் காப்பி குடிச்சது மாதிரி. நம்ம பீமாப்பள்ளிக் கடையில கிட்டும்."

பீமாப்பள்ளியில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைகள் உண்டு என்று ஊருக்கே தெரியும். அது எந்த வழியில் வந்த சாமான் என்பதும் ஊருக்கே தெரியும். கோலப்பன் அரசாங்க உத்தியோகஸ்தர். அதுவரை ஒரு வெளிநாட்டுக் குடைகூட வாங்கியதில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறியபோதே வியர்த்துவிட்டது. கடைத்தெருவில் இறங்கி, யாராவது ஆபீஸ்காரன் கண்ணில் படுகிறானா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். சட்டைத் துணியும் சென்ட்டும் டேப் ரிக்கார்டரும் அடுக்கிய ஒரு சின்னக் கடையில் நுழைந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ கள்ளச் சாராயம் கேட்பது மாதிரி மெல்லக் கேட்டார்.

"காப்பி சேர்ந்த சாக்லேட்டுண்டோ?"

கடைக்காரர் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகர டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். மூடியில் இங்கிலீஷ் அல்லாத ஏதோ எழுத்து. நடுவில் காப்பிக் கொட்டையின் படம்.

"ஆருக்கா?"

"வீட்டுல சுகமில்ல. ஆஸ்பத்திரியிலாக்கும்."

"எங்கில் பார்த்து, சூட்சிச்சு கொடுக்கணும். ஒரு சமயம் ஒண்ணு. ரெண்டு தின்னா ராத்திரி உறங்கில்ல."

கோலப்பன் விலை பேசவில்லை. டப்பாவை மடித்த பேப்பருக்குள் வைத்து, அதைக் குடைக்குள் வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கள்ளக் கடத்தல்காரனின் நடை எப்படியிருக்கும் என்று யாருக்காவது தெரியவேண்டுமானால் அன்றைக்கு அவரைப் பார்த்திருக்கலாம்.

பின்னேரம் வார்டில் கூட்டம் குறைந்ததும் டப்பாவைத் திறந்தார். கறுப்பாக, முக்கோணத் துண்டுகள், வெட்டி வைத்த அடை மாதிரி வட்டமாக அடுக்கியிருந்தன. ஆவுடை ஒரு துண்டை எடுத்து முதலில் மோந்து பார்த்தாள். அப்புறம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயில் போட்டாள். கடிக்கவில்லை. நாக்கின் மேல் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். வெளுத்துப்போன கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழியை அவர் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"என்னட்டி?"

கையைக் காட்டிப் பேசாமலிருக்கச் சொன்னாள். முழுதும் கரைந்து இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மொதல்ல கசப்பு வருது. பொறவு இனிப்பு. பொறவு மறுபடியும் அந்தக் கசப்பு வந்து தொண்டையில நிக்கி. முத டிக்காஷன் மாதிரியே நிக்கி." கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "எங்க புடிச்சிய இத?"

"என்னையத்தான் போலீசு பிடிச்சிட்டுப் போயிருக்கும்," என்றார் அவர். பீமாப்பள்ளிக் கதையைச் சொன்னதும் ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தது, சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அடுத்த கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். அவரும் ஒரு துண்டு தின்றார். நல்ல ருசிதான். வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்தால் நெஞ்சு திம் திம் என்று அடித்தது, பொழுது விடிகிற வரையில் பொட்டுத் தூக்கமில்லை. மறுநாள் அதைச் சொன்னபோதும் அவள் சிரித்தாள். அந்த நாலைந்து நாள் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

டப்பா தலையணைக்கு அடியில் இருந்தது. ஐந்து மணிக்கு விழித்ததும் ஒரு துண்டு. தலைவலி போன இடம் தெரியவில்லை. நர்ஸுகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். கள்ளச் சாமான் என்று கணவன் பயந்தது ஒரு காரணம். தனக்கென்று ஒரு ரகசியம் இருப்பது பிடித்திருந்தது இன்னொரு காரணம்.

அந்த வார்டில் ஒரு படிக்கிற நர்ஸ் பெண் இருந்தாள். கோட்டயத்துப் பக்கம், இருபது வயதுகூட இருக்காது. ஆவுடையிடம் அவளுக்கு ஒரு ஒட்டுதல். "அம்மா, எனக்குத் தமிழ் சொல்லித் தா" என்பாள். ஆவுடையும் ஊசி போடுகிற நேரத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தாள். வலிக்குது, வலிக்கல. வாங்க, போங்க. அந்தப் பெண் அதை வாய்க்குள் உருட்டி உருட்டிச் சொல்லும்போது வார்டே வேடிக்கை பார்க்கும். ஃபிளாஸ்கைக் கண்டால் அவள், "அம்மாவோட காப்பி வந்நாச்சு" என்பாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் அவள்தான் வந்து சொன்னாள். மலையாளத்தில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரில் இருந்த ஆவுடைக்கு, மலையாளி வாயிலிருந்து 'காப்பி குடி' என்று வந்தால் அது என்னவென்று நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணோ, அம்மா பயந்திருக்கிறாளே, அவள் பாஷையிலேயே பேசுவோம் என்று ஆசைப்பட்டாள். கற்றுக்கொண்ட தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"அம்மா, நாளைக்குக் காலையில காப்பி குடிக்கக் கூடாது. கேட்டோ? மறக்கக் கூடாது."

தமிழில் வந்ததால் ஆவுடை தமிழாகவே கேட்டாள்.

சாயங்காலம் கணவன் வந்ததும் அதுதான் முதல் புகார். "நாளைக்குக் காலம்பற காப்பி குடிக்கக் கூடாதாம். அந்தப் பிள்ள சொல்லிட்டுப் போவுது."

ஆவுடையின் வாயால் கேட்டபோது கோலப்பனுக்கும் அது காப்பிதான். வேறு எதுவாக இருக்கும்? அந்த உடன்படிக்கையை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. "நெஞ்சு படபடப்பு வரும்னு சொல்லியிருப்பா. ஒரு நாளுதானே, பொறுத்துக்கோ" என்றார்.

"தலை வெடிச்சிரும். தலைவலியோடயா என்னைய மயக்கத்துக்குக் கொண்டு போவாவ?" பிறகு தலையணையைத் தடவினாள். "இது குடிக்கிறது இல்லியே. திங்கிறதுதான?"

கோலப்பன் சிரித்துவிட்டார். "நல்ல வக்கீலு நீ. எதுக்கும் அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும். டப்பாவையும் பிடுங்கிட்டுப் போயிரும். பொறவு நீங்க பீமாப்பள்ளிக்கு ஓடணும்."

அவர் கேட்கவில்லை.

மறுநாள் ஆறரைக்கு அவர் உள்ளே நுழைந்தபோது ஆவுடை எழுந்து உட்கார்ந்திருந்தாள். பச்சை அங்கி மாட்டி, தலையை இரட்டைச் சடையாகப் பின்னிவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள். அவர் தூக்கில் நாலு இட்டிலி கொண்டுவந்திருந்தார். பலகாரத்துக்கு ஒரு தடையும் இல்லையே.

"வேண்டாம். இறங்காது. பயத்துல வயிறு கல்லாக் கெடக்கு," என்றாள். "இது மட்டும் போதும்."

டப்பாவில் ஏழு துண்டு இருந்தது. எப்போதும் ஒன்றோடு நிறுத்துகிறவள் அன்றைக்கு ஒன்று கரைவதற்குள் இன்னொன்றை எடுத்தாள். "தின்னா தைரியமா இருக்கு" என்றாள். கடைக்காரர் ஒன்று என்று சொன்னது கோலப்பனுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், போதும் என்று சொல்ல மனசு வரவில்லை. ஏழும் போயிற்று. தொண்டை வறண்டுவிட்டது என்று இரண்டு டம்ளர் தண்ணீரும் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டது அவர்தான், தன் மேல்துண்டால்.

ஏழே முக்காலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. கூடவே அந்த நர்ஸ் பெண். பெரிய டாக்டர் முன்னால் போய்விட்டார், நேரமாகிவிட்டது, அவளுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்க அவகாசமில்லை. ஆவுடையைப் படுக்கவைத்து வாரைக் கட்டிக்கொண்டே மலையாளத்தில் படபடவென்று கேட்டாள்.

"அம்மே, காப்பி ஒண்ணும் குடிச்சில்லல்லோ?"

"இல்ல. ஒரு சொட்டு கெடையாது," என்றாள் ஆவுடை, முந்தின நாள் கேட்ட அர்த்தத்திலேயே. படுத்தபடியே தலையைத் தூக்கி, சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையின் பெருமையோடு கணவனைப் பார்த்தாள்.

அந்தக் கேள்வி கோலப்பனின் காதில் விழுந்தது. நேராக, மலையாளத்தில், அவர் பிறந்து வளர்ந்த தெருவின் பேச்சில் விழுந்தது. 'காப்பி ஒண்ணும் குடிச்சில்லல்லோ.' அவருடைய அம்மா கேட்கிற மாதிரி கேட்டது. ஒன்றும் குடிக்கவில்லையே. ஒன்றும் தின்னவில்லையே. இந்தப் பெண் காப்பியைக் கேட்கவில்லையோ? ஒரு வார்த்தை, 'மோளே, ஒரு சாக்லேட் தின்னிருக்கா' என்று ஒரு வார்த்தை, வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன சாக்லேட் என்பாள். எங்கிருந்து என்பாள். வார்டே திரும்பிப் பார்க்கும். சின்னப் பெண் அவரை நிற்கவைத்துத் திட்டுவாள். ஏழு துண்டா என்று வாய்மேல் கையை வைப்பாள். அவர் தயங்கிய அந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டிவிட்டது. சக்கரத்தின் கிறீச்சு வராந்தா முனையில் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஒன்றுமிருக்காது என்று சொல்லிக்கொண்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அரைமணிகூட ஆகவில்லை. பச்சைத் துணிக் கதவு விரியத் திறந்து டாக்டரே வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். கைகளில், முழங்கை வரையில், கறுத்த பழுப்பாக ஏதோ தெறித்திருந்தது.

"இவருக்கு அல்சர் உண்டோ? முன்பு ரத்தம் சர்த்திச்சிட்டுண்டோ?"

"இல்ல டாக்டர். வாந்தியே எடுத்ததில்ல."

டாக்டர் தன் கையைப் பார்த்தார். பழுப்பு நிறத்தை ரத்தம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறிய விதத்தைக் கோலப்பன் சாகும்வரை மறக்கமாட்டார்.

"இது காப்பியாணு," என்றார் டாக்டர். "இவர் காப்பி குடிச்சிட்டுண்டு!"

"இல்ல சார்," என்றார் கோலப்பன். "காப்பி குடிக்கல்ல சார். தின்னதாக்கும்."

இதைக் கேட்டு எந்த டாக்டருக்கும் ரத்தம் கொதிக்கும். இவருக்கும் கொதித்தது. வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்று எதற்குச் சொல்கிறோம்? மயக்கத்தில் கிடக்கிறவர் வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். போய்விட்டது. உறிஞ்சி எடுத்தது போக மிச்சம் உள்ளே இருக்கிறது. ஆபரேஷன் நடக்கவே இல்லை, வயிற்றில் கத்தி படவே இல்லை. இனி ஜுரம் வரும், மூச்சு திணறும், தாங்கினால் தாங்குவார். இத்தனையையும் டாக்டர் வராந்தாவில் நின்று சொன்னார். அப்புறம், "யாரும் சொல்லவில்லையா உங்களிடம்?" என்று கேட்டார்.

"காப்பி குடிக்கக் கூடாதுன்னு மட்டுந்தான் சார் சொன்னா," என்றார் கோலப்பன்.

அது உண்மைதான். பொய்யை விட மோசமான உண்மை. கதவருகே நின்ற அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஞான் பறஞ்ஞது..." என்று ஆரம்பித்தாள். காப்பி குடி என்றால் காலையில் சாப்பிடுவதுதானே, எல்லாருக்கும் தெரியுமே, அம்மாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று தமிழில் சொன்னேனே என்று அழுகைக்கு நடுவில் எதையெதையோ சொன்னாள். மேட்ரன் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவள் வார்டில் இல்லை. விசாரணை முடிகிற வரையில் படிப்பை நிறுத்திவைத்து, ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். கோலப்பன் அதைக் கேட்டார், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

இரண்டு நாள் ஆவுடைக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே ஈரமான ஏதோ குமிழியிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் தெளிவாகக் கண்ணைத் திறந்தாள். அவரைத் தேடிப் பிடித்தாள்.

"முழிச்சிட்டேன் பாத்தியளா."

"ஆமா."

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சாச்சு," என்றார். "எல்லாம் எடுத்தாச்சு."

"பொறவு எதுக்கு மூச்சு முட்டுது?"

"மருந்து. மயக்க மருந்து அப்பிடித்தானாம். சரியாயிரும்."

அவள் அதை நம்பினாள். எப்போதும் அவரை நம்பினவள்தானே. கொஞ்ச நேரம் மூச்சைச் சேகரித்துக்கொண்டாள்.

"நல்லவேள, நான் காப்பி குடிக்கல. குடிச்சிருந்தா இன்னும் என்னமா ஆயிருக்குமோ." அவர் கையை அழுத்தப் பார்த்தாள், விரல் மட்டும் அசைந்தது. "அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க. நீ சொன்னபடியே அம்மா இருந்தான்னு."

"இருந்தே, ஆவுடை. சொன்னபடிதான் இருந்தே."

சாயங்காலம் நாலரைக்கு அவள் போய்விட்டாள்.

சத்தியதாஸ் வண்டிக்குச் சொல்லப் போயிருந்தார். ஆஸ்பத்திரி ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் ஏதோ இருந்தது. கோலப்பன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள். வெள்ளை உடுப்பில்லாமல் சாதாரணப் புடவையில் இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு துணிப்பை. ரயிலுக்குக் கிளம்பியவள், போகிற வழியில் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். கட்டில் காலியாக இருப்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

அழவில்லை. அழுது முடித்த முகம். அவர் எதிரில் வந்து நின்று, மூன்று நாளாக யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரே கேள்வியை அவரிடமும் கேட்டாள்.

"சாரே, ஞான் பறஞ்ஞதல்லே? ஞான் பறஞ்ஞில்லே?"

"சொன்னே மோளே." கோலப்பனின் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "நீ சொன்னே. அவளுக்கு மனசிலாகல்ல. ஆனா ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நீ மலையாளத்துல கேட்டே பாரு, அப்போ எனக்கு மனசிலாச்சு. நான் இந்த ஊர்க்காரன். எனக்கு மனசிலாச்சு."

அவர் சொன்னதன் பொருள் அவள் முகத்தில் மெல்ல ஏறுவதை அவர் நின்று பார்த்தார்.

"பின்னெ எந்தா சார் அப்போ பறயாஞ்ஞது?"

ஏன் சொல்லவில்லை? மேட்ரனிடம் எழுதிக் கொடுக்க வேண்டிய பதில் இதுதான், எழுதிக் கொடுக்கவும் போகிறார். ஆனால் முதலில் இவளிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணின் வயதில் அவருக்கு ஒரு மகள் இருந்திருக்கலாம். கோலப்பன் தூணை விட்டுவிட்டு நேராக நின்றார்.

"நீ ஏசுவேன்னுதான்," என்றார்.